உலாவிகளில் 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ' பிழைகள் ஏன் இன்னும் ஓயவில்லை?

ஆய்வகப்பொறுப்பு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பராமரித்து வருகிறேன். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டின் வெளியீட்டுக் குறிப்புகளையும் படித்துவிட்டுத்தான் கணினிகளைப் புதுப்பிப்பது வழக்கம். அக்குறிப்புகளில் ஒரே வகைச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இன்ன பகுதியில் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ (விடுவித்த நினைவகத்தைத் திரும்பத் தொடுவது) என்பார்கள், இன்ன நூலகத்தில் ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுவது) என்பார்கள், குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் என்ஜினான வி8-இல் டைப் கன்ஃப்யூஷன் (ஒரு வகைப் பொருளை வேறு வகையாக எடுத்துக்கொள்வது) என்பார்கள். பகுதியின் பெயர் மாறுகிறதே தவிர, பிழையின் பெயர் மாறக் காணோம்.

சி மொழியில் மாலக் கொண்டு நினைவகம் பெறுவதும், ஃப்ரீ கொண்டு அதை விடுவிப்பதும், விடுவித்த பின் அந்த முகவரியைச் சுட்டும் பழைய பாயின்டரைத் தொடக் கூடாது என்பதும் கல்லூரிக் காலத்தில் படித்ததுதான். எனக்கு விளங்காதது வேறு. வலைப்பக்கத்தில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட். அதில் பாயின்டரும் கிடையாது, ஃப்ரீயும் கிடையாது. பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் கார்பேஜ் கலெக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அப்படியிருக்க, ஒரு தளத்தைத் திறந்த மாத்திரத்தில் உலாவியின் நினைவகத்தைக் குலைத்துத் தாக்குபவர் தம் நிரலை ஓட்டிவிட முடிகிறது என்றால், விடுவிக்கும் அதிகாரம் பக்கத்தை எழுதியவர் கைக்கு எப்படிப் போகிறது?

அடுத்த ஐயம், சோதனை பற்றியது. உலாவி நிறுவனங்கள் இரவு பகலாக ஃபஸ்ஸிங், அதாவது தாறுமாறான உள்ளீடுகளைத் தானியங்கியாகக் கொடுத்துப் பிழை தேடும் சோதனை, நடத்துகின்றன. மூலநிரலும் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. அத்தனை கண்களுக்கும் தப்பி ஒரு பிழை வெளியீடு வரை எப்படி வந்து சேர்கிறது? இதை மூன்றாமாண்டு மாணவர்களிடம் பேசினால், நினைவகப் பிழைகளைக் கம்பைலரே தடுக்கும் ரஸ்ட் மொழியைக் காட்டி, "ரஸ்ட்டில் எழுதிவிட்டால் தீர்ந்தது சார்" என்கிறார்கள். அதை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ எனக்குப் போதிய விவரம் இல்லை. பொதுவான எச்சரிக்கைகளை நிறையப் படித்தாயிற்று. உண்மையில் நடந்த ஒன்றை எடுத்து, உள்ளே என்ன நிகழ்ந்தது என்று யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

குவிநினைவு எழுதிய மறுமொழி:

ஜாவாஸ்கிரிப்டில் ஃப்ரீ இல்லைதான். ஆனால் அது தொடுகிற ஒவ்வொன்றுக்கும், பத்தியோ படமோ கோப்பு வாசிப்பானோ எதுவாயினும், பின்னால் சி++ மொழியில் எழுதப்பட்ட ஒரு பொருள் இருக்கிறது. "இந்த உறுப்பை நீக்கு" என்று ஸ்கிரிப்ட் சொன்னால், அந்த சி++ பொருளின் ஆயுள் முடிவதற்கு வழி திறக்கிறது. ஆகவே பக்கத்தை எழுதியவரால் ஃப்ரீயை நேரடியாக அழைக்க முடியாவிட்டாலும், உலாவியை அழைக்க வைக்க முடியும். எந்த நொடியில் அழைக்க வைப்பது என்பதையும் பெரும்பாலும் அவரே தேர்ந்தெடுக்கலாம்.

உலாவியின் சி++ செயற்கூறு தன் வேலையின் நடுவில் ஸ்கிரிப்டிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்க வேண்டிய இடங்கள் ஏராளம். ஒரு நிகழ்வு எழுந்தால் அதற்குரிய ஹேண்ட்லரை அழைக்க வேண்டும். ஒரு மதிப்பைச் சரமாக மாற்றும்போது பக்கத்தார் தாமே எழுதிய டூஸ்ட்ரிங் செயற்கூறு ஓடக்கூடும். அந்த இடைவெளியில் ஸ்கிரிப்ட், பக்கத்தின் உறுப்புகளை அடுக்கிவைத்திருக்கும் டாம் மரத்தையே கலைத்துவிட்டுத் திரும்பினால், தன் கையிலுள்ள பாயின்டர் இன்னும் செல்லுபடியாகும் என்று நம்பியபடியே சி++ செயற்கூறு அடுத்த வரிக்குப் போகிறது. இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் கண்டுபிடிக்கப்பட்டவற்றுள் கணிசமானவை இவ்வகைதான். 2014ஆம் ஆண்டின் நடுவில் மைக்ரோசாஃப்ட் அதற்கெனத் தனி ஹீப்பையும் (நினைவகம் ஒதுக்கும் பரப்பு), விடுவிப்பதைத் தள்ளிப்போடும் ஓர் ஏற்பாட்டையும் சேர்க்க நேர்ந்ததும் இதனால்தான்.

உண்மையில் நடந்த ஒன்றைக் கேட்டீர்கள். சிவிஇ-2019-5786 (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரப்படும் பொதுப் பதிவெண்) என்ற பிழையை எடுத்துக்கொள்கிறேன். அதன் திருத்தம் சில வரிகளே என்பதால் முழுவதையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும். கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிளெமென்ட் லெசீன் 2019 பிப்ரவரி 27 அன்று இதைத் தெரிவித்தார். மார்ச் 1 அன்று குரோம் 72.0.3626.121 பதிப்பில் திருத்தம் வெளிவந்தது. அதற்கு முன்பே தாக்குதலில் பயன்பட்டுக்கொண்டிருந்த பிழை இது.

பிழை இருந்த இடம் ஃபைல்ரீடர். பயனர் தேர்ந்தெடுத்த கோப்பை ஸ்கிரிப்ட் படிக்க உதவும் சாதாரண வசதி அது. கோப்பு பெரிதாக இருந்தால் பகுதி பகுதியாக வாசிக்கப்படும். ஒவ்வொரு பகுதி வந்ததும் 'புரோகிரஸ்' நிகழ்வு எழும். அந்த ஹேண்ட்லருக்குள் இருந்தபடி 'ரிசல்ட்' பண்பைக் கேட்டால், அதுவரை வந்த பைட்டுகள் ஓர் அரேபஃபராக, அதாவது பைட்டுகளைத் தாங்கும் ஜாவாஸ்கிரிப்ட் பொருளாகக் கிடைக்கும். உள்ளே நடப்பது என்னவென்றால், வந்து சேரும் பைட்டுகளை உலாவி ஒரே பஃபரில் சேர்த்துக்கொண்டே போகிறது. பஃபர் பாதி நிரம்பியிருக்கையில் யாராவது ரிசல்ட்டைக் கேட்டால், நிரம்பிய பகுதி மட்டும் நகலெடுத்துத் தரப்படுகிறது. அதில் கேடில்லை. பஃபர் முழுவதும் நிரம்பிவிட்டால் நகலெடுப்பது வீண் என்று கருதி, அந்தப் பஃபரையே கொடுத்துவிடும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. வாசிப்பு முடிந்தது என்ற கொடி ஏற்றப்பட்ட பின், ஒருமுறை கொடுத்த பொருளை நினைவில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் தரவும் ஏற்பாடு இருந்தது.

எல்லா பைட்டுகளும் வந்துவிட்டன, ஆனால் முடிந்தது என்ற கொடி இன்னும் ஏறவில்லை என்ற ஒரு குறுகிய இடைவேளையை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த இடைவேளையில் ரிசல்ட்டை இரண்டு முறை கேட்டால், வெவ்வேறான இரண்டு ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கள் கிடைக்கும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைவகத் துண்டு. ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் பதிவான கதைதான். அரேபஃபரை, பின்னணியில் தனியே ஓடும் ஸ்கிரிப்டான வொர்க்கர் ஒன்றுக்கு உரிமை மாற்றிக் கொடுக்க வலைத்தரம் இடமளிக்கிறது. கொடுத்த பின் இங்குள்ள பொருள் செல்லாததாகிவிடும். முதல் பொருளை அப்படிக் கைமாற்றி, அந்தப் பக்கம் அதற்கு வேலை இல்லாமல் செய்துவிட்டால், அடியிலிருந்த நினைவகம் விடுவிக்கப்படுகிறது. இரண்டாவது பொருளுக்கு இந்தச் செய்தி எட்டுவதே இல்லை. அது எழுதவும் படிக்கவும் தயாராக அங்கேயே நிற்கிறது.

இதற்குப் பிந்தைய படிகள் பெரும்பாலான தாக்குதல்களுக்குப் பொதுவானவை. விடுவிக்கப்பட்ட இடத்தில் உலாவியின் வேறு பொருள்கள் வந்து அமரும்படி, ஸ்கிரிப்ட் ஒரே அளவிலான பொருள்களை ஆயிரக்கணக்கில் உருவாக்குகிறது. அவற்றில் ஒன்றின் நீளத்தைக் குறிக்கும் புலம், பழைய பஃபரின் வழியாக எழுதக்கூடிய இடத்தில் வந்து விழுந்தால் போதும். அந்த எண்ணை மிகப் பெரிதாக்கிவிட்டால், எல்லை பார்க்கும் சோதனை எதற்கும் "சரி" என்றே விடை சொல்லும். அந்தச் செயல்முறையின் நினைவகம் முழுவதும் ஒரு வரிசையைப் போலத் திறந்துகொள்ளும்.

திருத்தம் என்ன தெரியுமா? வாசிப்பு முடியாதவரை, பஃபர் நிரம்பியிருந்தாலும் நகலையே கொடு என்பதுதான். ஒரு நகலை மிச்சப்படுத்தப் போய் வந்த வினை. அந்த மிச்சப்படுத்தல் தவறான எண்ணத்தில் செய்யப்பட்டதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பல நூறு மெகாபைட் கோப்பை ஒவ்வொரு முறையும் நகலெடுக்கும் உலாவியை நாம்தான் முதலில் குறை சொல்வோம்.

எண்கோவை எழுதிய மறுமொழி:

குவிநினைவு அவர்களின் விளக்கத்துக்குப் பின் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ பற்றி நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஃபஸ்ஸிங் பற்றிய ஐயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு, வெப்பி வகைப் படங்களை விரித்தெடுக்கும் லிப்வெப்பி நூலகத்தில் 2023 செப்டம்பரில் வெளிவந்த பிழையே, அதாவது சிவிஇ-2023-4863, தக்க சான்று. லிப்வெப்பி ஒன்றும் கவனிப்பாரற்றுக் கிடந்த நூலகம் அன்று. கூகுளின் திறந்தமூல ஃபஸ்ஸிங் திட்டத்தில் நெடுங்காலம் சோதிக்கப்பட்டு வந்தது. அப்படியும் இப்பிழை சோதனையில் சிக்கவில்லை. ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும், டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் செப்டம்பர் 6 அன்று அதைத் தெரிவித்தன. செப்டம்பர் 11 அன்று குரோமும் மறுநாள் ஃபயர்ஃபாக்ஸும் திருத்தத்தை வெளியிட்டன. சிட்டிசன் லேப் அதே வாரத்தில் பெகாசஸ் உளவு மென்பொருளைச் செலுத்தும் ஓர் ஐஃபோன் தாக்குதலையும் வெளிப்படுத்தியிருந்ததால், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழைதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதினர்.

வெப்பி வடிவத்தின் இழப்பற்ற வகையில், படத்தின் தரவு ஹஃப்மன் குறியீடுகளாக, அதாவது அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட்டுகளைத் தரும் குறியீடுகளாகச் சுருக்கப்பட்டிருக்கும். எந்தக் குறியீடு எத்தனை பிட் நீளம் என்பதைப் படக்கோப்பே சொல்லும். அதாவது, அதைத் தீர்மானிப்பவர் கோப்பை உருவாக்கியவர். விரைவாக விரித்தெடுப்பதற்காக, நூலகம் அந்த நீளங்களிலிருந்து தேடல் அட்டவணைகளைக் கட்டுகிறது. பச்சை, சிவப்பு, நீலம், ஒளிபுகுமை, தொலைவு என ஐந்து குறியீட்டுத் தொகுதிகள். ஐந்துக்கும் சேர்த்து ஒரே நினைவகத் துண்டு. அத்துண்டின் அளவு மூலநிரலிலேயே எண்ணாக எழுதப்பட்டிருந்தது. சிவப்பு, நீலம், ஒளிபுகுமை மூன்றுக்கும் தலா 630 இடங்கள், தொலைவுக்கு 410, வண்ணத் தற்காலிகச் சேமிப்பு இல்லாதபோது பச்சைக்கு 654. கூட்டினால் 2954. இந்த எண்கள் குத்துமதிப்பானவை அல்ல. இசட்லிப் என்ற தரவுச் சுருக்க நூலகத்தோடு வரும் ஒரு கணக்கிடும் கருவியைக் கொண்டு, முறையான குறியீடு எதுவாக இருந்தாலும் அதற்குத் தேவைப்படும் உச்ச அளவைக் கண்டறிந்து எழுதியவை.

கணக்கில் தவறே இல்லை. ஆனால் அது முறையான குறியீடுகளுக்கு மட்டுமே பொருந்தும். முறையற்ற நீளங்களைக் கொண்ட கோப்பு வந்தால், அது முறையற்றது என்று நூலகம் முடிவாகக் கண்டறிவதற்கு முன்பே அட்டவணையில் எழுதத் தொடங்கிவிடுகிறது. முதல் நான்கு தொகுதிகளை முறைப்படியே, ஆனால் உச்ச அளவை எட்டும்படி அமைத்து, ஐந்தாவதை மட்டும் கோணலாகக் கொடுத்தால், எழுத்து துண்டின் எல்லையைத் தாண்டிப் போகும்.

இப்போது ஒரு ஃபஸ்ஸரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிட்டுகளை இங்குமங்கும் மாற்றிப் பார்ப்பதே அதன் வேலை. நிரலில் புதிய பாதை ஒன்று திறந்தால், சரியான திசையில் போகிறோம் என்று அது அறிந்துகொள்ளும். இங்கோ நான்கு அட்டவணைகள் உச்சத்தில் நிரம்பினாலும் கால்வாசி நிரம்பினாலும் ஓடுகிற வரிகள் அவையேதான். திறப்பதற்குப் புதிய பாதையே இல்லை என்பதால், நெருங்கிவிட்டோம் என்ற குறிப்பும் அதற்குக் கிடைக்காது. தற்செயலாக அந்த அமைப்பு கைகூடும் வாய்ப்பு, நடைமுறையில் இல்லை என்றே சொல்லலாம். ஹஃப்மன் குறியீட்டை அறிந்த ஒருவர் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த இடத்துக்கு வந்து சேர முடியும். ஃபஸ்ஸிங் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அது பிடித்துக்கொடுத்த பிழைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் ஃபஸ்ஸரிடம் சிக்காத ஒரு நூலகத்தைத் தூய்மையானது என்று எடுத்துக்கொள்வது தவறு.

ஆய்வகத்தைப் பராமரிப்பவர் என்பதால் உங்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. அந்தச் செப்டம்பரில் உலாவியைப் புதுப்பித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. வலைத்தொழில்நுட்பத்தில் மேசைக்கணினிச் செயலிகளைக் கட்ட உதவும் எலக்ட்ரான் கொண்டு கட்டப்பட்ட செயலிகள் ஒவ்வொன்றும், குரோமின் திறந்தமூல அடித்தளமான குரோமியத்தின் தனிப் பிரதி ஒன்றைத் தன்னுள் சுமந்துகொண்டிருக்கும். அரட்டைச் செயலி, நிரல் திருத்தி, குறிப்பேடு என்று ஒவ்வொன்றும் தனித்தனியே புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

ஆய்வகப்பொறுப்பு:

இருவருக்கும் மிக்க நன்றி. 630, 410 என்ற கணக்கு வரை இறங்கிச் சொன்னது, மாணவர்களுக்குக் காட்ட மிகவும் பயன்படும். ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. குரோமில், ஒரு செயல்முறையை மற்றவற்றைத் தொடவிடாமல் அடைத்துவைக்கும் சாண்ட்பாக்ஸ் இருக்கிறதல்லவா? பக்கத்தைக் காட்டும் ரெண்டரர் செயல்முறையின் நினைவகம் முழுவதும் தாக்குபவர் கைக்குப் போனாலும், கோப்புகளைத் தொட முடியாது என்றுதானே சொல்கிறார்கள்? ரஸ்ட் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

வடதிசை எழுதிய மறுமொழி:

சாண்ட்பாக்ஸ் இருந்தது, 2019 தாக்குதலிலும் அது தன் வேலையைச் செய்தது. அதனால்தான் தாக்கியவர்களுக்கு இரண்டாவது பிழை ஒன்று தேவைப்பட்டது. விண்டோஸின் உள்மையமான கர்னலின் வின்32கே பகுதியில் இருந்த சிவிஇ-2019-0808 என்ற பிழையைக் கொண்டு அவர்கள் சாண்ட்பாக்ஸைத் தாண்டினார்கள். 32 பிட் விண்டோஸ் 7 கணினிகளில்தான் அது பயன்பட்டதாகக் கூகுள் தெரிவித்தது. 2024 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸுக்கும் இதே கதைதான். அனிமேஷன் டைம்லைன் பகுதியில் இருந்த யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ ஒன்றை ஈசெட் நிறுவனத்தார் தெரிவித்தனர். அதனோடு விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இருந்த மற்றொரு பிழையும் கோக்கப்பட்டிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 131.0.2 அதற்காகவே வெளிவந்தது. சாண்ட்பாக்ஸ், தாக்குதலின் விலையை ஏற்றுகிறது. வாங்கும் வசதி படைத்தவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ரஸ்ட் பற்றிய மாணவர்களின் கூற்றைத் தள்ளிவிட வேண்டாம். 2015 முதல் தம் நிலையான பதிப்புகளைப் பாதித்த கடும் பாதுகாப்புப் பிழைகள் 912ஐ ஆராய்ந்த குரோமியம் குழு, அவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பாதுகாப்பின்மையால் வந்தவை என்று 2020-இல் அறிவித்தது. அந்த எழுபதில் பாதி யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தம் தயாரிப்புகள் அனைத்துக்குமாகச் சொன்ன விகிதமும் ஏறக்குறைய அதுவே. மொசில்லாவின் கணக்கு இன்னும் குறிப்பானது. ஃபயர்ஃபாக்ஸின் நடையமைப்புப் பகுதியில் அதன் ஆயுள் முழுவதும் பதிவான 69 பாதுகாப்புப் பிழைகளை எடுத்துப் பார்த்தார்கள். முதலிலிருந்தே அது ரஸ்ட்டில் எழுதப்பட்டிருந்தால் அவற்றில் 51 பிழைகள் நேர்ந்திருக்கவே முடியாது என்று கண்டார்கள். அப்பகுதியை ரஸ்ட்டில் திரும்ப எழுதி, 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 பதிப்போடு வெளியிட்டும்விட்டார்கள். எண்கோவை காட்டியதைப் போன்ற பட நூலகங்களுக்கும் எழுத்துரு நூலகங்களுக்கும் ரஸ்ட் நல்ல மருந்து. வெளியாரிடமிருந்து பைட்டுகளைப் பெற்றுப் பிரித்துப் பார்க்கும் வேலை அவற்றுடையது, எல்லைகள் தெளிவானவை, மாற்றி எழுதுவதும் எளிது. குரோம் வலை எழுத்துருக்களுக்கு ஃப்ரீடைப்பை விட்டு, ரஸ்ட்டில் எழுதிய ஸ்க்ரிஃபாவுக்கு மாறியதும் அந்த வழியில்தான்.

ஆனால் வி8 வேறு. இந்த வேறுபாட்டைத்தான் மாணவர்களுக்கு விளக்க வேண்டும். ஒரு வரிசையின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணாக மாற்றும் செயற்கூறு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் வரிசையின் நீளத்தைக் கேட்டு ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறது. ஓர் உறுப்பு எண்ணாக இல்லாமல் பொருளாக இருந்து, அதை எண்ணாக மாற்றும் வழியைப் பக்கத்தார் எழுதியிருந்தால், அந்தக் கணத்தில் அவர்கள் வரிசையின் நீளத்தைச் சுழியமாக்கிவிடலாம். திரும்பி வரும் செயற்கூறு பழைய நீளத்தை நம்பி எல்லைக்கு வெளியே படிக்கும். சி++ செயற்கூறாக இருந்தால் குவிநினைவு சொன்ன அதே நோய்தான்; ரஸ்ட் தடுத்திருக்கவும் கூடும். ஆனால் அதே தவறு, ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்போதே அதை இயந்திர நிரலாக்கும் ஜிட் கம்பைலரில் நேர்ந்தால் என்ன ஆகும்? "இங்கே நீளம் மாறாது" என்று கம்பைலர் தவறாகக் கணித்து, எல்லைச் சோதனையை விட்டுவிட்டு இயந்திர நிரலை உற்பத்தி செய்துவிடும். எல்லையைத் தாண்டுவது அந்த உற்பத்தியான நிரல். ரஸ்ட் கம்பைலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வி8 முழுவதையும் ரஸ்ட்டில் எழுதினாலும், கணிப்பில் தவறினால் விளைவு இதுதான். 2021 முதல் 2023 வரை நடைமுறைத் தாக்குதல்களில் பிடிபட்ட, ரெண்டரரில் தொடங்கிய குரோம் பிழைகளில் 60 விழுக்காடு வி8-இல் இருந்தவை என்று வி8 குழுவே 2024 ஏப்ரலில் எழுதியது. அப்படியானால் மாணவர்களின் மருந்து, தாக்குபவர்கள் மிகவும் விரும்பும் இடத்தில்தான் குறைவாக வேலை செய்கிறது.

அதனால் வி8 குழு வேறு வழியைத் தேர்ந்தது. பிழை நேரும் என்றே வைத்துக்கொண்டு, ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கள் அனைத்தையும் ஒரு டெராபைட் மெய்நிகர் முகவரி வெளிக்குள் அடைத்துவிட்டார்கள். உள்ளே முழுப் பாயின்டர்களுக்குப் பதிலாக, வெளியின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற எண் மட்டுமே இருக்கும். வெளியே உள்ள எதையும் ஓர் அட்டவணையின் வரிசை எண் வழியாகத்தான் சுட்ட முடியும். தாக்குபவர் அந்த எண்களை எப்படி மாற்றினாலும் அடைப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார். வேகத்தில் இழப்பு ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். ஆனால் இது 64 பிட் கணினிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு டெராபைட் முகவரி வெளிக்கு 32 பிட்டில் இடமேது?

ஃபயர்ஃபாக்ஸின் ஆர்எல்பாக்ஸ் என்ற அடைப்பு ஏற்பாடும் இதற்கு உறவுமுறைதான். 2021 டிசம்பரில் வெளிவந்த 95ஆம் பதிப்பில் கிராஃபைட், ஹன்ஸ்பெல், ஆக் போன்ற சி, சி++ நூலகங்களை வெப்அசெம்பிளி என்ற இடைநிலை நிரலாக மாற்றி, பிறகு இயந்திர நிரலாக்கி, தமக்கு ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்ட முடியாதபடி கட்டிப்போட்டார்கள். திரும்ப எழுத ஆளில்லாத பழைய நூலகங்களுக்கு இது நடைமுறைக்கு ஒத்த வழி.

குவிநினைவு:

வடதிசை சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் விவாதம் ரஸ்ட், வி8 என்ற இரு முனைகளுக்குப் போனதில், நடுவே கிடக்கும் பெரும்பரப்பு விடுபட்டுவிட்டது. குரோமில் கோடிக்கணக்கான வரி சி++ இருக்கிறது; அதை யாரும் திரும்ப எழுதப் போவதில்லை. அங்கே யூஸ் ஆஃப்டர் ஃப்ரீயை என்ன செய்வது என்பதற்கு வந்த விடை மிராக்கிள்பாயின்டர். சாதாரணப் பாயின்டர்களை எண்ணிக்கை வைத்திருக்கும் ஒருவகைப் பாயின்டராக மாற்றுவார்கள். ஒரு நினைவகத் துண்டை விடுவிக்கச் சொல்லும்போது, அதை யாரேனும் இன்னும் சுட்டிக்கொண்டிருந்தால், உடனே விடுவிக்காமல் அதன் உள்ளடக்கத்தைக் குப்பை மதிப்புகளால் நிரப்பித் தனியே ஒதுக்கி வைக்கிறது ஒதுக்கீட்டு அமைப்பு. கடைசிப் பாயின்டரும் போன பிறகே அத்துண்டு மறுபயன்பாட்டுக்கு வரும். பிழை அப்படியே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் தாக்குபவரின் பொருள் வந்து அமர வழியில்லை.

2022-இல், முதலில் விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும், உலாவியின் தலைமைச் செயல்முறைக்கு இதை இயக்கியபோது 15,000-க்கும் மேற்பட்ட பாயின்டர்களை மாற்றி எழுதியிருந்தார்கள். விலையாக, விண்டோஸில் அச்செயல்முறையின் நினைவகப் பயன்பாடு 4.5 முதல் 5 விழுக்காடு கூடியது. கூகுள் போன்ற நிறுவனம் தன் உலாவி ஐந்து விழுக்காடு பருப்பதை விரும்பி ஏற்கிறது என்றால், பிழைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை அதற்கு எவ்வளவு குறைந்திருக்க வேண்டும்! 2024-இல், பிழை கண்டு சொல்வோருக்கான வெகுமதித் திட்டத்தைத் திருத்தியபோது, மிராக்கிள்பாயின்டரால் காக்கப்பட்ட யூஸ் ஆஃப்டர் ஃப்ரீயை இனிப் பாதுகாப்புப் பிழையாகக் கருதுவதில்லை என்றும், அந்தக் காப்பையே உடைத்துக் காட்டுபவருக்கு 2,50,128 டாலர் என்றும் அறிவித்தார்கள். அதை இயக்காத இடங்களும் உண்டு. ரெண்டரரில் டாம் பொருள்களுக்கு ஆயில்பேன் என்ற கார்பேஜ் கலெக்டர் இருக்கிறது. அதன் கண்ணுக்கு எட்டாத பொருள்கள், நான் மேலே விவரித்த அரேபஃபரின் அடிநினைவகத்தைப் போன்றவை, தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வகப்பொறுப்பு:

நிறைவான விளக்கங்கள். நடைமுறையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் தானியங்கிப் புதுப்பிப்பு இயங்குகிறது. ஆயினும் மாணவர்கள் உலாவியை மூடுவதே இல்லை. கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போகிறார்கள். புதுப்பிப்பு இறங்கியிருந்தால் அதுவே போதுமா?

வடதிசை:

போதாது. 2019 மார்ச்சில் இதையே குரோம் பாதுகாப்புப் பொறியாளர் ஜஸ்டின் ஷூ பொதுவெளியில் வலியுறுத்த வேண்டியிருந்தது. அதற்கு முன் குரோமுக்கு எதிராகப் பிடிபட்ட தாக்குதல்கள் ஃபிளாஷின் வழியாக நுழைந்தவை. ஃபிளாஷ் தனிக்கூறு என்பதால் உலாவியை மூடாமலே அதை மாற்றிவிட முடிந்தது. ஃபைல்ரீடர் பிழை குரோமின் சொந்த நிரலில் இருந்தது. புதிய பதிப்பு வட்டில் இறங்கி உட்கார்ந்திருந்தாலும், ஓடிக்கொண்டிருப்பது பழைய நிரல்தான்; மூடித் திறக்கும் வரை அது மாறாது.

உங்களுக்கு உதவக்கூடியது குரோமின் நிர்வாகக் கொள்கைகளில் இருக்கும் 'ரீலாஞ்ச் நோட்டிஃபிகேஷன்' அமைப்பு. அதைக் 'கட்டாயம்' என்ற நிலைக்கு மாற்றி, அதற்குரிய கால அளவையும் குறித்துவிட்டால், அறிவிப்பு காட்டி அந்தக் கெடு முடிந்ததும் உலாவி தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். கால அளவை மில்லிநொடியில் கேட்கும். ஒரு நாளுக்கு 86400000 என்று இடுங்கள். திறந்திருந்த டேப்கள் திரும்ப வந்துவிடும், மறைநிலைச் சாளரங்கள் வரமாட்டா. தேர்வு நடக்கும் நாள்களில் மட்டும் கெடுவை நீட்டி வையுங்கள். 32 பிட் குரோம் நிறுவியிருக்கும் பழைய கணினிகள் இருந்தால், 64 பிட் விண்டோஸ் ஓடுகிறவற்றில் அதை எடுத்துவிட்டு 64 பிட் குரோமைப் போடுங்கள்.